என்ட்ரோபியாவில் போட்ட பணம்: இந்த ஆட்டம் இன்னும் பத்து வருடம் தாங்குமா?

சாம்பல்கழுகு (கேள்வி)

நிஜப் பணம் புழங்கும் ஆட்டங்களில் ரொம்ப நாளாக இருப்பவர்களிடம்தான் கேட்கிறேன். "எல்லாத்தையும் வித்துட்டு வெளியே வா" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகாமல் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

நான் ஆடுவது என்ட்ரோபியா யுனிவர்ஸ். தெரியாதவர்களுக்காக: ஸ்வீடனில் இருக்கும் மைண்ட்ஆர்க் நிறுவனம் 2003 ஜனவரியில் தொடங்கிய ஆட்டம். மாதச் சந்தா கிடையாது. உள்ளே புழங்கும் பணத்துக்கு பெட் என்று பெயர், 10 பெட் என்றால் 1 அமெரிக்க டாலர், அந்த விகிதம் மாறுவதில்லை. கார்டில் டெபாசிட் செய்தால் பெட் கிடைக்கும், வித்ட்ரா கேட்டால் வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு வங்கிக் கணக்குக்கு வரும். வேட்டைக்குப் போனால் அம்மோ (தோட்டா) செலவு, துப்பாக்கி தேயும், ஆர்மர் (கவசம்) தேயும். சுரங்க வேலைக்குப் போனால் தாது தேட மண்ணில் விடும் ஒவ்வொரு ப்ரோபுக்கும் காசு. செலவில் பெரும்பகுதி லூட்டாக, அதாவது வேட்டையிலும் சுரங்கத்திலும் கிடைக்கும் பொருளாக, திரும்பி வரும், வராமல் போவதுதான் ஆட்டத்தின் விலை.

என் நிலைமை இதுதான். கையில் நல்ல ஆர்மர் ஒரு செட், ரிப்பேர் செய்து செய்து ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு துப்பாக்கி, தாது தேடும் ஒரு ஃபைண்டர், ஆட்டத்தில் வரும் கலிப்ஸோ கோளின் நிலப் பத்திரங்கள் கொஞ்சம், வருடக்கணக்கில் சேர்த்த ஸ்கில். கணக்குப் போட்டால் சின்னத் தொகை இல்லை. ஆனால் நான் ஆடும் நேரங்களில் முன்பு கூட்டமாக இருந்த இடங்களில் இப்போது ஒரு சிலர்தான் தெரிகிறார்கள், ஏலத்தில் போட்ட பொருள் விலை போகாமல் திரும்பி வருவதும் அடிக்கடி நடக்கிறது. ஆட்டத்தை ஓட்டும் மென்பொருளை அன்ரியல் எஞ்சின் 5-க்கு மாற்றப்போவதாக 2020-இல் அறிவித்ததை நம்பித்தான் பலர் பொறுமையாக இருக்கிறார்கள்.

ஆட்டத்துக்குள் 2004-இல் ஒரு தீவு 26,500 டாலருக்குப் போனது, 2005-இல் ஒரு சிறுகோள் விடுதி 1,00,000 டாலருக்குப் போய் 2010-இல் துண்டு துண்டாக மொத்தம் 6,35,000 டாலருக்கு விற்றது, இதையெல்லாம் படித்துத்தான் நான் உள்ளே வந்தேன். அந்தக் காலம் திரும்புமா என்று நான் கேட்கவில்லை. இந்த மாதிரி ஒரு பொருளாதாரம் நீண்ட நாளில் எப்படிப் போகும், சரிவு வருவதற்கு முன்னால் எது முதலில் தெரியும், கையில் இருப்பதில் எதை வைத்துக்கொள்வது எதை விடுவது, இதைத்தான் கேட்கிறேன்.

மண்வெட்டி

நல்ல கேள்வி. ஆனால் "ஆட்டம் தாங்குமா" என்பதையும் "என் பணம் தாங்குமா" என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டுக்கும் இடையில் பல வருட வித்தியாசம் இருக்கலாம்.

உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று டிடி மதிப்பு, அதாவது டிரேட் டெர்மினலில் போட்டால் எந்தக் கேள்வியும் இல்லாமல் கிடைக்கும் பெட். இன்னொன்று மார்க்-அப், அதற்கு மேல் இன்னொரு ஆட்டக்காரர் தரத் தயாராக இருக்கும் தொகை. டிடி மதிப்பைக் கொடுக்க வேண்டியது நிறுவனம். மார்க்-அப்பைக் கொடுக்க வேண்டியது யார்? யாரும் இல்லை. ஆள் இருந்தால் கிடைக்கும், ஆள் இல்லாவிட்டால் கிடைக்காது. நீங்கள் சொல்லும் துப்பாக்கியின் டிடி மதிப்பு கொஞ்சமாகத்தான் இருக்கும், மிச்சம் மொத்தமும் மார்க்-அப். ஸ்கில்லும் அப்படியே, சிப் என்ற பொருளாக மாற்றி எடுத்து விற்கலாம் என்றாலும் வாங்க ஒருவர் வர வேண்டும்.

அதனால் இந்த மாதிரி ஆட்டம் ஒரு நாளில் சாவதில்லை. சர்வர் ஓடும், 10 பெட்டுக்கு 1 டாலர் விகிதமும் அப்படியே நிற்கும், வித்ட்ராவும் வந்துகொண்டிருக்கும், அதே சமயம் உங்கள் சொத்தின் மதிப்பு பாதிக்குக் கீழே போயிருக்கும். விகிதம் மாறவில்லையே என்று பார்த்துக்கொண்டு இருப்பவர்களுக்கு இது கண்ணில் படவே படாது, ஏனென்றால் அவர்கள் பார்க்கும் எண் அசையாமல் நிற்கிறது, அசைவது வேறு எண்.

சரி, எதைப் பார்ப்பது? அரிய பொருள்களின் விலையைப் பார்க்காதீர்கள். அதை வைத்திருப்பது பழைய ஆட்கள், அவர்கள் விலையைக் குறைக்க மாட்டார்கள், விற்காமல் வைத்திருப்பார்கள், அதனால் விலை நிற்பது மாதிரியே தோன்றும். தினமும் புழங்கும் பொருள்களைப் பாருங்கள்: சாதாரணத் தாதுக்கள், சாதாரண விலங்குகளில் விழும் எண்ணெய், தோல், கிராஃப்டிங்குக்கு, அதாவது பொருள் செய்யும் தொழிலுக்கு, போகும் மூலப்பொருள். அவற்றின் மார்க்-அப் மாதக்கணக்கில் டிடி விலையை நோக்கி இறங்கிக்கொண்டே இருந்தால், கிராஃப்டர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கிராஃப்டர் ஏன் குறைகிறார்? அவர் செய்யும், தேய்ந்தால் ரிப்பேர் செய்ய முடியாத எல் ரகத் துப்பாக்கிகளை வாங்கி ஆட நடுத்தர ஆட்டக்காரர்கள் இல்லை என்பதால். அவர்கள் ஏன் இல்லை? புதியவர்கள் முதல் மாதத்தைத் தாண்டி நிற்கவில்லை. இந்தச் சங்கிலியில் விலை கடைசியாகத்தான் விழும். விற்பனை அளவு அதற்கு ரொம்ப முன்னாலேயே விழுந்துவிடும். ஏலத்தில் கடந்த வாரம் எத்தனை விற்றது என்ற எண்ணை எழுதி வையுங்கள், அதுதான் உங்கள் காய்ச்சல் மானி.

எஞ்சின் மாற்றத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2009-இல் க்ரைஎஞ்சின் 2-க்கு மாறியபோது படம் அழகாக வந்தது, ஆனால் விலங்குகளைப் பழக்கும் டேமிங் தொழில் காணாமல் போனது, திரும்பி வர வருடங்கள் ஆயின. அதில் ஸ்கில் சேர்த்தவர்கள், பொருள் வாங்கி வைத்தவர்கள் அத்தனை காலமும் காத்திருந்தார்கள். அடுத்த மாற்றத்திலும் எல்லாத் தொழிலும் முதல் நாளே வந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சொத்து சேர்க்காதீர்கள்.

நீலக்கொடி

மண்வெட்டி சொன்ன இரண்டு விலை விஷயம் சரி, ஆனால் அதிலிருந்து இவ்வளவு இருட்டான முடிவுக்கு ஏன் போக வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

ஆன்லைன் ஆட்டங்கள் நாம் நினைப்பதைவிடக் கெட்டியானவை. அல்டிமா ஆன்லைன் 1997-இல் வந்தது, இன்னும் ஓடுகிறது. ஈவ் ஆன்லைன் 2003, செகண்ட் லைஃப் 2003, இரண்டும் ஓடுகின்றன. ஆரம்பத்தில் ஆட்டத்தை உருவாக்கத்தான் பெரிய செலவு. அப்புறம் சர்வர் செலவு வருடா வருடம் குறைகிறது, விளம்பரத்துக்குக் கூட்டம் தேவையில்லை, விட்டுப்போக மனம் இல்லாத சில ஆயிரம் பேர் ஒழுங்காகக் காசு கொடுத்தால் ஒரு சின்ன நிறுவனம் அதை வைத்தே பிழைக்கும். கூட்டம் குறைந்துவிட்டது என்பதால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று ஆகாது.

நிஜப் பண ஆட்டங்களில் செத்தவற்றை எடுத்துப் பாருங்கள், அவை எதனால் செத்தன என்று தெரியும். ஆக்ஸி என்ற பிராணிகளை வளர்த்து ஆடும் ஆக்ஸி இன்ஃபினிட்டியில், ஆடினால் கிடைக்கும் எஸ்எல்பி என்ற கிரிப்டோ டோக்கன் 2021 கோடையில் 35 சென்ட்டைத் தாண்டியது, 2022-இல் ஒரு சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. அங்கே ஆடினால் டோக்கன் பிறக்கும். அதை எரிக்க இருந்த முக்கியமான வழி புதிய ஆக்ஸியை இனப்பெருக்கம் செய்வது, அந்த ஆக்ஸியை வாங்க இன்னொரு புதியவர் வர வேண்டும், அவரும் டோக்கன் ஈட்டத்தான் வருவார். வந்தவர்களில் பெரும்பாலோர் எடுக்க வந்தவர்கள், போட வந்தவர்கள் இல்லை. 2022 மார்ச்சில் அந்த ஆட்டத்தின் பணம் உள்ளே வெளியே போய்வரும் ரோனின் பாலத்திலிருந்து 60 கோடி டாலருக்கும் மேல் திருடு போனதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் அந்தத் திருட்டு நடக்கும் முன்பே எஸ்எல்பி விழுந்து கிடந்தது.

என்ட்ரோபியாவில் கதை வேறு. லூட்டாக விழும் பெட் ஏற்கனவே யாரோ டெபாசிட் செய்து, சுட்டுச் செலவழித்த பெட். சும்மா பிறப்பதில்லை. அதனால்தான் இருபது வருடத்துக்கு மேல் விகிதத்தை மாற்றாமல் நிற்க முடிந்தது. மகிழ்ச்சிக்காகச் செலவு செய்ய ஆள் இருக்கும்வரை இந்த அமைப்பு நிற்கும், அந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். என் சொசைட்டியில், அதாவது ஆட்டக்காரர் குழுவில், இருப்பவர்கள் யாரும் சம்பாதிக்க வரவில்லை, வாரக்கடைசியில் ஒன்றாக வேட்டைக்குப் போக வருகிறார்கள், அதற்கு ஒரு தொகை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இவர்களை நீங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

கிழக்குக்கரை

இரண்டு பேரும் ஆட்டக்காரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அதைவிடப் பயம் நிறுவனத்தின் கையில் இருக்கும் பேனாவைப் பார்த்து.

டியாப்லோ 3-இல் நிஜப் பண ஏலக்கடை 2012 ஜூனில் திறந்தார்கள், 2014 மார்ச் 18-இல் மூடினார்கள். நஷ்டம் என்று மூடவில்லை. அசுரனைக் கொன்று பொருள் எடுப்பதுதான் ஆட்டம், கடையில் வாங்கினால் அந்த ஆட்டமே கெடுகிறது என்று சொல்லி மூடினார்கள். நியாயமான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் அந்தக் கடையை நம்பி இருந்தவருக்கு நியாயம் சோறு போடாது. 2025 அக்டோபரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் ஐந்து சிவப்பு ரக ஸ்கின்னை (ஆயுதத்துக்குப் போடும் அலங்காரத் தோற்றம்) கொடுத்து ஒரு கத்தி அல்லது கையுறை எடுக்கலாம் என்று ஒரே ஒரு அப்டேட் வந்தது. கத்திகளின் விலை ஒரே நாளில் சரிந்தது, சிவப்பு ஸ்கின்கள் ஏறின. அந்த ஆட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை! ஆக, கூட்டம் இருந்தால் சொத்து பத்திரம் என்பதும் முழு உண்மை இல்லை.

சட்டம் காப்பாற்றும் என்று நினைக்கிறவர்கள் செகண்ட் லைஃப் வரலாற்றைப் படிக்க வேண்டும். 2006-இல் ஒரு வழக்கறிஞர் தன் மெய்நிகர் நிலத்தைப் பறித்துவிட்டார்கள் என்று அதை நடத்தும் லிண்டன் லேப் மீது வழக்குப் போட்டார். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று விதிமுறையில் இருந்த ஷரத்தை அமல்படுத்த 2007-இல் நீதிமன்றம் மறுத்தது, பெரிய செய்தியாக வந்தது, ஆனால் கடைசியில் இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள், அந்த நிலம் யாருடையது என்ற கேள்விக்குத் தீர்ப்பே வரவில்லை. அதே 2007 ஜூலையில் உள்ளே சூதாட்டத்துக்குத் தடை வந்தது. அடுத்த மாதமே, வருடத்துக்கு 40 சதவீதத்துக்கும் மேல் வட்டி தருகிறேன் என்று டெபாசிட் வாங்கிக்கொண்டிருந்த ஜின்கோ என்ற உள் வங்கி கவிழ்ந்தது. போட்டவர்கள் கையில் ஒன்றும் இல்லை. 2008 ஜனவரியில் உள் வங்கிகளுக்கே தடை போட்டார்கள்.

இவை எல்லாவற்றிலும் விதிமுறை ஒரே மாதிரிதான்: பொருள் உங்களுடையது இல்லை, பயன்படுத்த அனுமதி மட்டும்தான் உங்களுக்கு. என்ட்ரோபியாவின் விதிமுறையையும் ஒருமுறை உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

இன்னொன்று, யாரும் பேசாதது: பணம் போகும் வழி. 2018-இல் பெல்ஜியம், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ்களைச் சூதாட்டம் என்று சொன்னதும், பல நிறுவனங்கள் வாதாடவில்லை, அந்த நாட்டில் அந்த அம்சத்தையே எடுத்துவிட்டன. நிஜப் பண ஆட்டத்துக்கு அதைவிட மெல்லிய கழுத்து. கார்டு நிறுவனமோ பணம் அனுப்பும் நிறுவனமோ "உங்கள் தொழில் எங்களுக்கு ஒத்துவராது" என்று விலகினால், ஆட்டம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவு அடைபடும். ஒரு நாட்டுக்கு அடைந்தால் அந்த நாட்டு ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வருவார்கள், அந்த வாரத்தில் உங்கள் துப்பாக்கிக்கு என்ன விலை கிடைக்கும் என்று யோசியுங்கள்.

பொருளின் உரிமை பிளாக்செயினில் பதிவாகி இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். எஃப்1 டெல்டா டைம் ஆட்டத்தில் 2019-இல் ஒரு காரை 1,00,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். எஃப்1 பெயரைப் பயன்படுத்தும் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை, 2022 மார்ச்சில் ஆட்டத்தை மூடினார்கள். டோக்கன் வாங்கியவர் கையில்தான் இருந்தது, அதை ஓட்ட ஓடுதளம்தான் இல்லை.

சாம்பல்கழுகு

மூன்று பேருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. விற்பனை அளவைப் பார்க்கச் சொன்னது உடனே புரிந்தது, விலையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலப் பத்திரங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? 2011-இல் ஒன்று 100 டாலர் வீதம் 60,000 பத்திரம் விட்டார்கள், கலிப்ஸோ கோளின் வருமானத்தில் பங்கு வாராவாரம் வருகிறது. துப்பாக்கி மாதிரி இல்லாமல் இது வருமானம் தருகிற சொத்து என்பதால் இதை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். தப்பா?

மண்வெட்டி

தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வங்கி வைப்பு நிதி மாதிரி நினைத்தால் தப்பு. வைப்பு நிதியில் வட்டியும் வரும், கடைசியில் அசலும் வரும். பத்திரத்தில் அசலை யாரும் திருப்பித் தருவதாகச் சொல்லவில்லை. இன்னொரு ஆட்டக்காரர் வாங்கினால்தான் உண்டு. ஆட்டம் நின்ற அன்று அதன் விலை பூஜ்யம். ஆக, வாராவாரம் வரும் தொகையை வட்டி என்று பார்க்காமல் அசலும் வட்டியும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு வருடத்துக்கு விலையில் 10 சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், போட்டது திரும்பவே பத்து வருடம். அதுவும் வருமானம் குறையாமல் இருந்தால். ஆட்கள் செலவு செய்வது குறைந்தால் பங்கும் குறையும், பங்கு குறைந்தால் பத்திரத்தின் விலையும் இறங்கும், இரண்டு பக்கமும் ஒரே காரணத்தால் அடி விழும். வெளியே எங்கும் கிடைக்காத சதவீதம் இங்கே கிடைக்கிறது என்றால் அது நிறுவனத்தின் தாராளம் இல்லை, வாங்குகிறவர்கள் முடிவைப் பற்றிப் பயந்து குறைந்த விலைதான் கொடுக்கிறார்கள், அதனால் சதவீதம் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் கேள்விக்கு அந்தச் சந்தையே ஒரு பதில் வைத்திருக்கிறது, அந்தச் சதவீதத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. ஸ்வீடனில் இந்த மாதிரி நிறுவனங்கள் ஆண்டறிக்கையைப் பதிவு செய்தாக வேண்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பத்திரம் வைத்திருப்பவர் வருடத்துக்கு ஒருமுறை அதைத் தேடிப் படிப்பது நல்லது. மொழிபெயர்ப்புக் கருவியை வைத்துக்கொண்டு வருவாய், கையிருப்புப் பணம் இரண்டையும் மட்டும் போன வருடத்தோடு ஒப்பிட்டாலே போதும்.

வியர்வைப்பை

நான் இங்கே புதியவன், ஆட ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகவில்லை, அதனால் பத்திரம் பற்றியெல்லாம் பேச எனக்குத் தகுதி இல்லை ப்ரோ. ஆனால் புதியவர்கள் ஏன் நிற்பதில்லை என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நான் பதில் சொல்லலாம்.

நாங்கள் வருவதே "ஆடிச் சம்பாதிக்கலாம்" என்ற வீடியோவைப் பார்த்துத்தான். உள்ளே வந்தால் காசில்லாமல் செய்யக்கூடியது விலங்கின் முன்னால் நின்று அதன் வியர்வையைச் சேகரிப்பது. மணிக்கணக்கில் சேகரித்து விற்றால் கிடைப்பது சில சென்ட். கூட வந்த என் நண்பர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவே முடியாது. நான் நின்றதற்குக் காரணம், ஒரு பழைய ஆட்டக்காரர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சம்பாதிக்கும் எண்ணத்தை விடு, மாதம் உன்னால் ஒரு சினிமாவுக்குச் செலவழிக்க முடியும் என்றால் அந்தத் தொகையைப் போடு, அது எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார் என்று சொல்லிக்கொடுத்தார். சின்னத் துப்பாக்கி, சின்ன விலங்கு, அளவாகச் சுட்டால் நிறைய நேரம் தாங்குகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆட்டத்தின் எதிர்காலம் என்று நீங்கள் பேசுவது என் மாதிரி ஆட்கள் வருவார்களா என்பதுதானே? அப்படியென்றால் பணக்காரர் ஆகலாம் என்று கூப்பிட்டால் வருகிறவர்கள் எல்லோரும் எடுக்க வருகிறவர்கள்தான், முதல் வாரத்திலேயே போய்விடுவார்கள். நல்ல வேட்டை, நல்ல கூட்டாளிகள், செலவு உன் கையில், தேவையானால் பொருளை விற்று மிச்சத்தை எடுக்கலாம் என்று உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டால் குறைவாகத்தான் வருவார்கள், ஆனால் நிற்பார்கள். நிறுவனம் இதைச் செய்யுமா தெரியாது, சொசைட்டிகள் செய்யலாம். நீலக்கொடி அண்ணா, உங்கள் சொசைட்டியில் புதியவர்களைச் சேர்ப்பீர்களா?

நீலக்கொடி

தாராளமாக வாருங்கள், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை வேட்டைக்கு அம்மோ மட்டும் கொண்டு வாருங்கள், ஆர்மர் நாங்கள் கடன் தருகிறோம்.

கிழக்குக்கரை எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கதவு அடையும் ஆபத்தை நான் எடைபோட்டுப் பார்த்ததில்லை, அதைப் பற்றித் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், பலருக்குத் தேவைப்படும். சாம்பல்கழுகு, நீங்கள் தினமும் பயன்படுத்தும் பொருளை விற்காதீர்கள், அதை விற்றால் ஆடவே பிடிக்காமல் போகும்.

சாம்பல்கழுகு

முடிவு செய்துவிட்டேன். ஆர்மர் செட்டை நான் வருடத்தில் ஒன்றிரண்டு தடவைதான் போடுகிறேன், அதை இந்த வாரமே ஏலத்தில் விடுகிறேன், கேட்கும் விலையை வழக்கத்தைவிடக் குறைத்துத்தான் வைக்கப் போகிறேன், விற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். துப்பாக்கியும் ஃபைண்டரும் என்னோடு இருக்கட்டும், அவை இல்லாமல் உள்ளே போக எனக்கு மனம் வராது. பத்திரத்தில் பாதியை விற்றுப் பணத்தை வெளியே எடுக்கிறேன், மீதிப் பாதி ஆண்டறிக்கையைப் படித்த பிறகு. ஆர்மர் எத்தனை நாளில், எந்த மார்க்-அப்பில் போனது என்பதை இங்கேயே வந்து எழுதுகிறேன், உங்களில் யாராவது இதே ரகப் பொருள் விற்றிருந்தால் உங்கள் எண்ணையும் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.